குடவோலைப் பாடம்: நாடகமா, சிமுலேஷனா?

ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் வரும்போதெல்லாம், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை எப்படி நடத்துவது என்ற யோசனையும் கூடவே வந்துவிடும். 'பானையில் ஓலை போட்டு ஆள் எடுப்பது' என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு வருடம் அதை நாடகமாக நடத்தினேன். அடுத்த இரண்டு வருடங்கள் சிமுலேஷனாக நடத்தினேன். இந்தப் பாடத்துக்கு இனி சிமுலேஷன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கான காரணத்தையும், நாடகத்தை எதற்காக இன்னும் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்கிறேன்.

பி.எட். படிக்கும்போது இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தார்கள். பாத்திரமேற்று நடித்தல், போலச் செய்தல் என்று தேர்வுக்கு எழுதினோம். வகுப்பில் நின்று செய்து பார்த்த பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது. நாடகத்தில் பிள்ளைக்கு ஓர் ஆளைக் கொடுக்கிறோம். அந்த ஆள் என்ன பேசுவார் என்று யோசித்து அது பேசுகிறது. சிமுலேஷனில் ஒரு நிலைமையையும் சில விதிகளையும் கொடுக்கிறோம். நடிக்கத் தெரிய வேண்டியதில்லை. அந்த விதிகளுக்குள் தனக்கு என்ன நேர்கிறது என்று பார்த்து முடிவெடுத்தால் போதும்.

முதலில் நாடகம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளை வைத்து நானே வசனம் எழுதினேன். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பகுதிகளாகப் பிரித்தது, ஒவ்வொரு குடும்புக்கும் ஓலை எழுதியது, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது எல்லாம் காட்சிகளாக வந்தன. துண்டு, பானை, பனை ஓலை எல்லாம் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. தலைமையாசிரியர் வந்து பார்த்துப் பாராட்டினார்.

ஆனால் வகுப்பில் இருந்தது 38 பேர். நடித்தது 8 பேர். அந்த எட்டுப் பேரும் யார் என்று எந்த ஆசிரியரும் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஆண்டு விழாவில் மேடையேறுகிற அதே பிள்ளைகள்தான். மீதி 30 பேர் பார்வையாளர்கள். பத்து நிமிடம் சிரித்தார்கள், அப்புறம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். மறுநாள் கேள்வி கேட்டபோது நடித்தவர்கள் தங்கள் வசனத்தைச் சொன்னார்கள். பார்த்தவர்களுக்குப் பானை மட்டும் நினைவிருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை உண்டு. வருகைப்பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். அவளுக்கு அந்த நாடகத்தில் நான் எதுவுமே கொடுக்கவில்லை என்பது வீட்டுக்குப் போகும்போது உறைத்தது. எல்லோரையும் நடிக்க வைக்கலாமே என்பீர்கள். ஐந்து குழுவாகப் பிரித்தும் பார்த்தேன். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் பேச, மற்றவர்கள் அவர் பின்னால் நின்றார்கள்.

சிமுலேஷனுக்கு நான் செய்தது இவ்வளவுதான். பழைய காலண்டர் தாள்களை வெட்டி 38 சீட்டுகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்க்காரர்: வயது, ஆணா பெண்ணா, நிலம் எவ்வளவு, முன்பு வாரியத்தில் (ஊர் வேலைகளைப் பார்த்த சபைக் குழு) இருந்தாரா, கணக்குக் காட்டினாரா. சீட்டில் உள்ள ஆட்கள் என் கற்பனை. விதிகள் கல்வெட்டில் உள்ளவை. வகுப்பு முழுவதும் ஒரே குடும்பு என்று வைத்துக்கொண்டோம். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். நான் விதியை ஒவ்வொன்றாக வாசிப்பேன். பொருந்தாதவர் தானாக உட்கார வேண்டும்.

வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி அந்தக் கால நில அளவு) மேல் இருக்க வேண்டும் என்றதுமே பாதி வகுப்பு உட்கார்ந்தது. சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் உட்கார வேண்டும். அவருடைய உறவினரும் உட்கார வேண்டும். 'அவர் காட்டலன்னா நான் என்ன டீச்சர் பண்ணேன்?' என்று ஒரு பையன் உண்மையாகவே கோபப்பட்டான். அந்தக் கோபத்தை என்னால் வசனமாக எழுதியிருக்க முடியாது. கணக்கு ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது.

இந்த வருடத்து வகுப்பிலும் மூன்றாவது பெஞ்சில் அதேபோல் பேசாத ஒரு பெண் இருந்தாள். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெதுவாக, 'டீச்சர், நிலம் இருக்கு. ஆனா அவர் பேர்ல இருக்கு. நான் உட்காரணுமா?' என்றாள். அவள் கையில் இருந்தது ஒரு 40 வயதுப் பெண்ணின் சீட்டு. வகுப்பு அமைதியாகிவிட்டது. அது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை, கல்வெட்டு சொல்லும் தகுதிகளில் பெண்களுக்கு இடமில்லை, வேதம் கற்றிருப்பதும் தகுதியில் சேர்ந்தது என்று நான் விளக்கியபோது, பெண் சீட்டு வைத்திருந்த பையன்களும் உட்கார்ந்தார்கள். கடைசியில் நின்றவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பெயரைத்தான் பானையில் போட்டோம்.

இதுதான் என்னைச் சிமுலேஷன் பக்கம் இழுத்தது. 38 பேரும் ஏதோ ஒரு கட்டத்தில் தன் சீட்டைப் பார்த்து, விதியைப் பார்த்து, ஒரு முடிவெடுத்தாக வேண்டும். யாரும் அவர்களுக்காக எடுத்துத் தர முடியாது. பேசக் கூச்சப்படுகிற பிள்ளைக்கும் உட்காருவதா நிற்பதா என்று தீர்மானிக்கிற வேலை இருக்கிறது. பேச்சு அதற்குப் பிறகு தானாக வருகிறது, ஏனென்றால் கேட்க ஒரு காரணம் கையில் இருக்கிறது. இன்றைக்குத் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம், போட்டியிட 21 வயது போதும் என்று நான் சொன்னபோது, அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லவே தேவைப்படவில்லை.

செலவு இரண்டிலும் பெரிதாக இல்லை. நாடகத்துக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒத்திகை வேண்டும். சீட்டுகள் எழுத எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது, அப்புறம் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் வருடம் காணாமல் போன நாலு சீட்டை எழுதியதோடு சரி. ஒரே எச்சரிக்கை: 45 நிமிடப் பீரியடில் கடைசி 15 நிமிடத்தைப் பேசுவதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். முதல் தடவை நான் ஒதுக்கவில்லை. மணி அடித்தபோது பாதிப் பேர் கோபத்தோடும் பாதிப் பேர் சிரிப்போடும் வெளியே போனார்கள், பாடம் நடுவழியில் நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறர் பொருளைக் கவர்ந்தவருக்குத் தகுதியில்லை என்பதும் கல்வெட்டில் உண்டு. நாடகத்தில் அந்த வேடம் போட்ட பையனைப் பரீட்சை முடியும் வரை 'திருடா' என்றே கூப்பிட்டார்கள். நான் கண்டித்தும் நிற்கவில்லை. சிமுலேஷனில் சீட்டைக் குலுக்கிக் கொடுத்து, இரண்டாம் சுற்றில் மாற்றியும் கொடுக்கிறேன். பெயர் யார் மீதும் ஒட்டவில்லை. அதற்காகச் சிமுலேஷன் காயப்படுத்தாது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ரைஸ்வில்லில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968-ல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து ஒரு பயிற்சி நடத்தினார். உயர்ந்தவர் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களை இழிவாக நடத்தத் தொடங்கினார்கள். அதைப் படித்ததிலிருந்து பிள்ளையிடம் உண்மையாகவே இருக்கிற எதையும் வைத்துப் பிரிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். நம் ஊரில் சாதி வகுப்பறைக்குள் பிள்ளைகளோடு கூடவே வருகிறது. சீட்டில் எந்தச் சாதிப் பெயரும் எழுத மாட்டேன்.

நாடகத்தை நான் விட்டுவிடவில்லை. வாய் பழக வேண்டிய இடத்தில் அதற்கு ஈடு இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்து, தோழிக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று சொல்ல ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டுமானால், அந்த வாக்கியத்தை அது ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு இருவர் இருவராக உட்கார வைத்து நடிக்கச் சொல்கிறேன், மேடை இல்லாமல், பார்வையாளர் இல்லாமல். ஆங்கில ஆசிரியையும் இப்படித்தான் ரயில் நிலைய உரையாடல் நடத்துகிறார்.

என் அனுபவம் சமூக அறிவியலோடு நிற்கிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் இது எப்படிப் பொருந்தும் என்று சொல்ல நான் ஆளில்லை. 60 பேர் இருக்கும் வகுப்பில் செய்து பார்த்ததும் கிடையாது. அங்கே மூன்று குடும்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையை விதி வாசிக்க வைக்கலாம் என்று தோன்றுகிறது. இந்த வருடம் ஏரி வாரியத்துக்கும் தனியாகச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சபை ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை எடுத்தது. அந்த ஆறு பேரும் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டது மூன்றாவது பெஞ்சுப் பிள்ளைதான்.