ஜிப்ஸியா, ஜிம்னியா, தாரா, கூர்க்காவா? முகாம் சுமையோடு ஓர் ஒப்பீடு

கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்கு எந்த வண்டி சிறந்தது என்ற கேள்விக்கும், நான்கு நண்பர்கள் இரண்டு நாள் தங்குவதற்கான சாமான்களை ஏற்றிக்கொண்டு அதே பாதையில் போய்வர எந்த வண்டி சிறந்தது என்ற கேள்விக்கும் ஒரே விடை கிடையாது. வழக்கமான ஒப்பீடுகள் பெரும்பாலும் காலி வண்டியில், ஓட்டுநர் ஒருவரை மட்டும் வைத்துச் செய்யப்படுகின்றன. தரை இடைவெளி, முன்கோணம், நீரில் இறங்கும் ஆழம் என்று அவை அடுக்கும் எண்கள் பொய்யல்ல. ஆனால் கூடாரம், அடுப்பு, தண்ணீர்க் கேன், இழுவைக் கயிறு எல்லாம் ஏறிய பிறகு அந்த எண்கள் சொல்லும் வரிசை மாறிவிடுகிறது. எனவே இந்த ஒப்பீட்டில் சுமையையே முதல் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஆண்டுகள் செல்லச் செல்ல எங்கள் குழுவில் வண்டி மாற்றியவர்கள் எல்லோருமே ஏறமுடியாத மேட்டுக்காக மாற்றவில்லை, ஏற்றமுடியாத சாமானுக்காகத்தான் மாற்றினார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

மாருதி ஜிப்ஸியும் ஜிம்னியும் ஒரே சுசூகி மரபில் வந்தவை. இரண்டுக்கும் ஏணி வடிவ அடிச்சட்டமும், முன்னும் பின்னும் இரு சக்கரங்களை ஒரே தண்டாய் இணைக்கும் முழு ஆக்சிலும், வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியரும் உண்டு. ஜிப்ஸி 1985 டிசம்பரில் 970 சிசி பெட்ரோல் எஞ்சினோடு வந்து, பின்னர் 1.3 லிட்டருக்கு மாறி, கடைசிக் காலத்தில் சுமார் 80 குதிரைத்திறனில் நின்றது. வண்டியின் எடை ஏறத்தாழ 1 டன்தான். 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியின் எடை 1200 கிலோவை ஒட்டியது, 1.5 லிட்டர் எஞ்சினின் திறன் 105 பிஎஸ் (குதிரைத்திறனை ஒட்டிய அளவு). காகிதத்தில் பார்த்தால் ஜிம்னி எல்லா வகையிலும் முன்னேறிய வண்டி. ஏசி, ஏர்பேக், ஏபிஎஸ் என்று ஜிப்ஸியில் தொழிற்சாலையிலிருந்து கிடைக்காதவை எல்லாம் இதில் உண்டு. நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம் ஓட்டி மலையடிவாரத்தை அடையும்போது ஜிம்னிக்காரர் இறங்கித் தேநீர் கேட்பார், ஜிப்ஸிக்காரர் இறங்கி முதுகைப் பிடித்துக்கொள்வார்.

சுமையை ஏற்றினால் கதை வேறு. ஜிம்னியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1545 கிலோ. அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் ஆட்களும் சாமானும் சேர்ந்து ஏறக்குறைய 335 கிலோவுக்குத்தான் இடமுண்டு. சராசரியாக 70 கிலோ எடையுள்ள நான்கு பேர் ஏறினால் 280 கிலோ ஆயிற்று. நம் ஊரில் எங்கும் கிடைக்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன்கள் இரண்டை வைத்தால் 320. மீதமிருக்கும் 15 கிலோவில் இரண்டு கூடாரம், எரிவாயு அடுப்பு, பாத்திரம், ஐஸ் பெட்டி, காற்றடிக்கும் கம்ப்ரசர், இழுவைக் கயிறு, நால்வரின் பைகள் ஆகிய அனைத்தையும் அடக்க வேண்டும். அது நடவாது. பின்னிருக்கையை மடிக்காமல் கிடைக்கும் 208 லிட்டர் சாமான் வைக்கும் இடமும் இதே உண்மையைத்தான் சொல்கிறது. முகாமுக்குப் போகும் ஜிம்னி நடைமுறையில் இருவர் வண்டி. பின்னிருக்கை சாமானுக்கு உரியது. அளவு மீறி ஏற்றினால் சுருள் ஸ்பிரிங் தாழ்ந்து, விளம்பரத்தில் சொன்ன 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி அடிப்பகுதி கல்லில் உரசும் அளவுக்குக் குறையும்.

ஜிப்ஸியை நம் ராணுவம் அரை டன் சுமை வகுப்பில் வைத்துப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் கொண்ட அந்த வண்டி காலியாக ஓடும்போது எலும்பை எண்ண வைக்கும். ஆனால் சாமான் ஏறியதும் அடங்கி, பதமாகப் போகும். பின்புறப் பக்கவாட்டு இருக்கைகளைக் கழற்றிவிட்டால் கிடைக்கும் தட்டையான இடத்தில் நான்கு பேரின் முகாமும் அடங்கும். 1540 மில்லிமீட்டர் அகலமே உள்ளதால், இரண்டு பக்கமும் தேயிலைப் புதர் உரசும் எஸ்டேட் பாதையில் 1645 மில்லிமீட்டர் ஜிம்னி தயங்கும் வளைவிலும் அது போய்விடும். சுமையோடு கூடிய ஓட்டம் என்ற ஒரே அளவுகோலில் மட்டும் பார்த்தால், பழைய வண்டி புதிய வண்டியை வெல்கிறது என்பது என் தீர்ப்பு.

ஆனாலும் இன்று ஒருவர் ஜிப்ஸி வாங்கலாமா என்று கேட்டால் தயக்கத்தோடுதான் பதில் சொல்வேன். பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் கடுமையானதையொட்டி 2018-19இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோனது. ஆகவே கிடைப்பவை எல்லாம் கைமாறிய வண்டிகள். கடலோர ஊர்களில் ஓடியவற்றில் சட்டமும் தளமும் துரு ஏறியிருக்கும் வாய்ப்பு அதிகம். மேலே அடித்த புதுப் பெயின்டைப் பார்த்து மயங்காமல், வண்டியைத் தூக்கி நிறுத்தி, பட்டை ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும். ஏர்பேக் இல்லாத வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் போக இன்று பலருக்கும் மனம் வருவதில்லை. அதில் தவறொன்றும் இல்லை.

மஹிந்திரா தாரும் ஃபோர்ஸ் கூர்க்காவும் வேறு எடைப் பிரிவைச் சேர்ந்தவை. 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறைத் தார் 1.7 டன்னைத் தாண்டும். கூர்க்கா 2 டன்னை ஒட்டி நிற்கும். தாரின் 2.2 லிட்டர் டீசல் 130 குதிரைத்திறனும் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. ஜிம்னியின் 134 நியூட்டன் மீட்டரோடு இதை வைத்துப் பார்த்தால் இரண்டின் ஓட்டும் முறையே வேறு என்பது விளங்கும். செங்குத்தான கல்பாதையில் ஜிம்னி எஞ்சினை உறுமவைத்து, ஓட்டத்தை விடாமல் ஏற வேண்டும். தார் டீசலில் லோ ரேஞ்சைப் போட்டுக் காலை ஆக்சிலரேட்டரில் வைத்தும் வைக்காமலும் நடக்கும் வேகத்தில் ஏறலாம். சாமான் உள்ளே உருண்டு புரளும் முகாம் பயணத்தில் இந்த நிதானம் பெரிய வரம்.

சறுக்கும்போது தாரும் கூர்க்காவும் நடந்துகொள்ளும் விதத்தில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. தாரின் உயர் ரகங்களில் பின் ஆக்சிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) உண்டு. ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் சுழன்று, மறுபக்கச் சக்கரத்தோடு வேக வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டும்போது அது பூட்டிக்கொள்ளும். அதாவது முதலில் சறுக்கல், பிறகு பிடிப்பு. கூர்க்காவில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனிப் பூட்டு இருக்கிறது. ஓட்டுநர் கையால் போட வேண்டும். சேற்றுக் குழியைப் பார்த்ததுமே, சக்கரம் சுழலத் தொடங்கும் முன்பாகவே பூட்டைப் போட்டு நிதானமாகக் கடந்துவிடலாம். வண்டியை விட்டு இறங்கிப் பாதையை நடந்து பார்த்துவிட்டு ஓட்டும் பழக்கமுள்ளவருக்குக் கூர்க்கா பொருந்தும். முதலில் ஓட்டிப் பார்ப்போம் என்பவருக்குத் தார் பொருந்தும். நீருக்கு மேலிருந்து எஞ்சினுக்குக் காற்றை இழுக்க மூச்சுக்குழாய் போல மேலே நீண்டிருக்கும் ஸ்நார்க்கல் கூர்க்காவில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. 700 மில்லிமீட்டர் நீரில் இறங்கலாம் என்று நிறுவனம் சொல்கிறது. தாருக்கு 650. இந்த 50 மில்லிமீட்டரை நான் பொருட்படுத்துவதில்லை, ஏனெனில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும் மலையாற்றில் நண்பர்களோடு இறங்குவது எந்த வண்டியிலும் தேவையற்ற வேலை.

ஸ்நார்க்கலும் பூட்டும் தொழிற்சாலையிலிருந்தே வருவதற்கு இன்னொரு மதிப்பு உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்புறக் காப்புக் கம்பிகளுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை விதித்துவிட்டது. ஆக, உயரம் கூட்டி, பெரிய டயர் போட்டு, கம்பி கட்டி நிற்கும் வண்டியில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வாங்கியபடியே வைத்துக்கொள்ளக்கூடிய வண்டிகளில் கூர்க்காதான் அதிகம் தயாராக வருகிறது என்பதை அதன் விலையோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். மெர்சிடிஸ் வழிவந்த அதன் 2.6 லிட்டர் டீசல் குடும்பம் அதே நிறுவனத்தின் டிராவலர் வேன்களிலும் ஓடுவதால், சிறு ஊர்களிலும் அந்த எஞ்சினைத் தொட்டுப் பழகிய மெக்கானிக்குகள் கிடைக்கிறார்கள். 2021இல் வந்த வண்டியில் 91 பிஎஸ் மட்டுமே இருந்ததால் நெடுஞ்சாலையில் லாரியை முந்தவே யோசிக்க வேண்டியிருந்தது. 2024இல் அது 140 பிஎஸ், 320 நியூட்டன் மீட்டர் ஆனதும் அந்தக் குறை தீர்ந்தது.

தாரின் குறை இடம்தான். மூன்று கதவு வண்டியில் பின்னிருக்கையை நிமிர்த்தி வைத்தால் அதற்குப் பின்னால் இரண்டு பைகளுக்கு மேல் வைக்க முடியாது. பின்னால் உட்காருபவர் முன்னிருக்கையை மடக்கித்தான் ஏற வேண்டும். இளைஞர்களாக இருந்தபோது சிரித்துக்கொண்டே நுழைந்தவர்கள், நாற்பதைத் தாண்டியதும் கதவருகே நின்று யோசிக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் இதற்கு விடையாக வந்தது. ஆனால் அதன் வீல்பேஸ் (முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்) 2850 மில்லிமீட்டர். மூன்று கதவு வண்டிக்கு 2450தான். நீண்ட வயிறு மேட்டு முகட்டில் தட்டும், கொண்டை ஊசி வளைவில் கூடுதலாக ஒருமுறை பின்னெடுக்க வைக்கும். நான்கு சக்கர இயக்கமும் டீசலில் மட்டுமே உண்டு. குழந்தைகளோடு போகும் நண்பர்களுக்கு, பாதையின் கடைசிக் கடினமான பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு ராக்ஸையோ ஐந்து கதவு கூர்க்காவையோ எடுப்பதே நியாயமானது.

வெவ்வேறு எடையுள்ள வண்டிகள் சேர்ந்து போகும்போது எழும் சிக்கலைத் தனித்தனி ஒப்பீடுகள் காட்டுவதில்லை. ஜிம்னி சேற்றில் புதைந்தால் தார் இழுத்துவிடும், சில சமயம் நான்கு பேர் தள்ளினாலே வெளியே வந்துவிடும். கூர்க்கா அச்சுவரை இறங்கிவிட்டால் ஜிம்னியால் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஜிம்னியின் குறைந்த எடையே அதற்கு எதிராக நிற்கும், இழுக்க முயலும் அதன் சக்கரங்களே முதலில் சறுக்கும். ஆகவே கனமான வண்டி குழுவில் ஒன்று மட்டும் இருந்தால் அதில் வின்ச் (மோட்டாரால் வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) இருப்பது நல்லது, அதுவும் வண்டியின் சுமையோடு கூடிய எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் திறனோடு. டயர் அகலமும் இதே போல இரு பக்கமும் வெட்டும். ஜிம்னியின் ஒடுக்கமான 195 டயர் எஸ்டேட் சேற்றை வெட்டிக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொடும். அதே டயர் தளர்ந்த மணலில் புதையும், அங்கே தாரின் அகன்ற டயர் மிதக்கும். மணலில் எந்த வண்டியானாலும் டயரின் காற்றழுத்தத்தை 15 முதல் 20 பிஎஸ்ஐ என்ற அளவுக்கு இறக்கிவிட்டு, தார்ச்சாலைக்குத் திரும்பியதும் ஏற்றிக்கொள்ள வேண்டும். கம்ப்ரசரை மறந்துவிட்டுக் காற்றை இறக்குவதைப் போன்ற மடமை வேறில்லை.

தங்கும் முறையிலும் எடையே தீர்மானிக்கிறது. கூரைமேல் விரியும் கூடாரம் பார்க்க அழகானது. ஈரத் தரை, அட்டை, எறும்பு ஆகியவற்றிலிருந்து விடுதலை தரும். அது பெரும்பாலும் 50 கிலோவுக்குக் குறையாது. அந்த எடை வண்டியின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, பக்கச் சரிவில் சாயும்போது வண்டியைக் கவிழும் பக்கம் இழுக்கும். ஜிம்னியின் 335 கிலோ கணக்கில் அதற்கு இடமே இல்லை. துணிக்கூரைத் தாரில் தனிச் சட்டம் இல்லாமல் பொருத்த முடியாது. நான்கில் இதைத் தாங்கும் உடல்வாகு கூர்க்காவுக்கு மட்டுமே இருக்கிறது. அப்போதும் விடியற்காலையில் ஒருவர் வண்டியை எடுத்துச் சாலைவரை போய்வர வேண்டுமென்றால் கூடாரம் முழுவதையும் மடக்க வேண்டும். தரையில் அடிக்கும் இருவர் கூடாரம் 3 முதல் 4 கிலோ. ஐப்பசி மழையில் அடியில் ஒரு தார்ப்பாயும் மேலே இன்னொன்றும் கட்டினால் தாக்குப்பிடிக்கும். முகாம் கலையாமல் வண்டி மட்டும் போய்வரலாம் என்ற ஒரு காரணத்துக்காகவே நான் தரைக் கூடாரத்தின் பக்கம். ஜிம்னியில் முன்னிருக்கையைச் சாய்த்துப் பின்னிருக்கையோடு சேர்த்துப் படுக்கலாம் என்பதும் உண்மைதான். ஒருவர் ஒரு இரவுக்குச் சமாளிப்பார்.

எங்கே கூடாரம் அடிப்பது என்பதில் தேர்வு அதிகமில்லை. ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்த பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. கடற்கரை மணலில் ஓட்டலாமே என்பவர்களுக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை நம் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன என்பதை நினைவூட்ட வேண்டும். மிஞ்சுவது தனியார் எஸ்டேட்டுகளும் தோட்டங்களும்தான். உரிமையாளரின் அனுமதி, கழிப்பிடம், தண்ணீர் மூன்றும் கிடைக்கும் எஸ்டேட்டில், அவர் வகுத்த பாதைக்குள் ஓட்டுவதற்குக் கூர்க்காவின் இரட்டைப் பூட்டு பல நேரம் தேவைப்படுவதே இல்லை.

இந்த இடத்தில் ஐந்தாவதாக ஒரு போட்டியாளரையும் சேர்க்க வேண்டியிருக்கிறது: வாங்காமலே இருப்பது. தேனி மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே வண்டி ஏறும் கொழுக்குமலைக்கு, அங்குள்ள பழைய மஹிந்திரா ஜீப்புகள் விடியலுக்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. ஏசி இல்லை, மெத்தென்ற இருக்கை இல்லை, திரையில் சாய்வுக்கோணம் காட்டும் கருவி இல்லை. ஆனால் ஒவ்வொரு கல்லும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிந்த ஓட்டுநர் இருக்கிறார். நண்பர்கள் வெவ்வேறு ஊர்களில் வேலைக்குப் போய், ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே கூட முடிகிற நிலைக்கு வந்துவிட்ட குழுவுக்கு, பல லட்சம் போட்டு ஒரு வண்டியை வாசலில் நிறுத்திவைத்துக் காப்பீடும் டயரும் பாட்டரியும் மாற்றிக்கொண்டிருப்பதைவிட, வழக்கமான காரில் அடிவாரம் வரை போய், அங்கிருந்து உள்ளூர் ஜீப்பை இரண்டு நாளைக்குப் பேசிக்கொள்வது மலிவு. ஓட்டும் இன்பமே வேண்டும் என்பவர், தனியாகவோ இருவராகவோ போகிறவரென்றால் ஜிம்னியையும், மூவர் வரை என்றால் தார் டீசலையும், குழுவின் சாமான் மூட்டை எப்போதும் தன் வண்டியில்தான் ஏறும் என்று தெரிந்தவர் கூர்க்காவையும் வாங்கலாம். ஜிப்ஸி, அருகில் நம்பிக்கையான மெக்கானிக் உள்ளவருக்கு மட்டும்.