பிபிஏ 2015-16: பிலிப்பைன் கோப்பையா, கவர்னர்ஸ் கோப்பையா?

பிலிப்பைன்ஸின் பிபிஏ கூடைப்பந்து லீக்கில் ஒரே சீசனில் பல கோப்பைகள் உண்டு. 2015-16 சீசனில் எந்த இறுதித் தொடரை முதலில் பார்ப்பது என்று கேட்டால், நான் தயங்காமல் பிலிப்பைன் கோப்பை என்பேன். அதில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை, எல்லாம் உள்ளூர் ஆட்கள்தான். முதலில் 4 ஆட்டங்களை வெல்லும் அணிக்குத்தான் கோப்பை. அலாஸ்கா அணி முதல் 3 ஆட்டங்களையும் வென்றுவிட்டது, எதிரணியான சான் மிகுவேலின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜூன் மார் ஃபஹார்தோ முழங்கால் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார், கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் சான் மிகுவேல் அடுத்த 4 ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. 3-0 பின்தங்கி மீண்டு வந்ததை நினைத்தால் இன்னும் சிலிர்க்கிறது.

சரி, கவர்னர்ஸ் கோப்பை? அதில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கும் இடமுண்டு. கினேப்ரா அணியில் காயமடைந்த வெளிநாட்டவருக்கு மாற்றாக வந்த ஜஸ்டின் பிரவுன்லீ, மெரால்கோ அணிக்கு எதிரான இறுதித் தொடரின் 6-வது ஆட்டத்தில் கடைசி நொடியில் தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் விழ, கோப்பைக்கான கினேப்ராவின் 8 வருடக் காத்திருப்பு முடிந்தது. ஒரே ஒரு எறிதலைப் பார்க்க வேண்டுமானால் இதுதான். ஆனால் தொடராக உட்கார்ந்து பார்க்க எனக்கு முன்னதுதான்.