கல்லச்சுப் படத்தைச் சீராக்க: ஸ்கேனரா, கேமராவா?

பழைய லட்சுமி படம் கையில் கிடைத்தால் முதலில் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளிகள் வரிசை பிசகாமல், சின்னச் சின்னப் பூ வட்டங்களாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் காலண்டர். பெரிதும் சிறிதுமாகச் சிதறியிருந்தால் ஓவியர் கையால் புள்ளி குத்திய கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் லித்தோகிராஃப். நிறத்துக்கு ஒரு கல். 1894இல் பம்பாயில் தொடங்கி, பின்னர் லோனாவலா அருகே மளவ்லிக்குப் போன ரவிவர்மா அச்சகத்தின் படங்கள் இந்த ரகம்.

தீப்பெட்டி லேபிள், சிறு விளம்பரத் தாள் என்றால் ஸ்கேனரே போதும். 600 டிபிஐ, 16 பிட், டிஃப் கோப்பு. ‘ஷார்ப்பன்’, ‘கலர் ரெஸ்டோர்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். மெல்லிய தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து மேலே தெரியாது. தாள் நெளிந்திருந்தால், கண்ணாடியை ஒட்டியே படிக்கும் மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனர் வேண்டாம். கண்ணாடியை விட்டு ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கிவிடும். லென்ஸ் வழியே படிக்கும் சிசிடி வகை தாங்கும்.

வார்னிஷ் பூசிய பெரிய படம், ஜரிகையும் சம்கியும் ஒட்டிய படம் என்றால் கேமராதான். சம்கி மேல் கண்ணாடியை அழுத்தினால் இரண்டுமே பாழ். இருபுறமும் 45 பாகையில் விளக்கு, விளக்குக்கு போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) தாள், லென்ஸுக்கு ஒரு போலரைசர். அதைத் திருப்பத் திருப்ப வார்னிஷ் பளபளப்பு அடங்கும். ஜரிகையின் மினுக்கும் சேர்ந்தே செத்துவிடும் என்பதால் போலரைசர் இல்லாமல் இன்னொரு படமும் எடுத்து, அந்த இடங்களை மட்டும் மேலே ஒட்டுங்கள்.

அச்சுப் புள்ளி வலையை மழுப்பி மறைக்கும் ‘டீஸ்கிரீன்’ வசதி ஆஃப்செட் காலண்டருக்கு வரம். கல்லச்சுக்குப் போட்டால் கன்னத்தின் புள்ளி நிழல் மெழுகுபோல் வழுக்கிவிடும். அந்த வடிகட்டி தேடும் ஒழுங்கான வலை இங்கே கிடையாது. ஏஐ கூர்மையாக்கம் இன்னும் மோசம். புள்ளிகளைப் புழுக்களாக்கும், அடியிலுள்ள அச்சகப் பெயரை எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாக்கும், கண்ணையும் மூக்கையும் தன் இஷ்டத்துக்கு வரைந்துவிடும்.

பழுப்புக் கறைக்குக் கைவேலைதான். படத்தின் சிவப்பு, பச்சை, நீல அடுக்குகளை (சேனல்) தனித்தனியே பாருங்கள்: நீலச் சேனலில் கறை கறுப்பாக நிற்கும், சிவப்பில் அநேகமாகத் தெரியாது. ஆகவே நீலத்தையும் பச்சையையும் மட்டும் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு குளோன் செய்து, சிவப்பைத் தொடாமல் விடுங்கள். வெண்மையை ஓரத் தாளில் அளந்து பாதியளவு மட்டும் திருத்துங்கள். ‘ஆட்டோ கலர்’ தொட்டால் அம்மன் முகம் நீலம் பாரிக்கும்.