பழைய ஹிமாலயன் 411 வாங்கலாமா? முதலில் முன் சக்கரத்தைத் தூக்குங்கள்

சென்னையில் செகண்ட் ஹேண்ட் அட்வென்ச்சர் பைக் தேடினால் சுற்றிச் சுற்றி மூன்று வண்டிகளில்தான் வந்து நிற்கும்: ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411, கேடிஎம் 390 அட்வென்ச்சர், பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ். வெளிநாட்டுக்காரர்கள் மிடில்வெயிட் (நடுத்தர ரகம்) என்பது 700, 800 சிசியை. நம் பர்ஸுக்கு இதுதான் மிடில்வெயிட். கையில் உள்ள பணத்தில் ஆறில் ஒரு பங்கை டயர், செயின் செட், கோன் செட்டுக்கு (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வண்டி தேடுங்கள். அந்தக் கணக்குக்கு ஒத்துவருவது ஹிமாலயன்தான்.

வேகம் எதிர்பார்க்காதீர்கள். 24 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு 190 கிலோவுக்கு மேல் இழுக்கிற வண்டி; பெங்களூர் ஹைவேயில் நூறைத் தாண்டினால் மூச்சு வாங்கும். ஆனால் சீட் உயரம் 800 மி.மீ.தான், முன் சக்கரம் 21 இஞ்ச், மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டில் அலுங்காமல் போகும். ரேடியேட்டர் கிடையாது. டேப்பெட் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) ஸ்க்ரூ டைப், தெருமுனை மெக்கானிக்கே செட் பண்ணிவிடுவார். ஸ்பேருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு ஒரு நடை போனால் போதும்.

எந்த வருஷம் என்பதுதான் முக்கியம். 2016-இல் வந்த கார்புரேட்டர் மாடலை விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே சேசிஸ் வெல்டிங்கில் விரிசல் என்று புகார்கள் வந்த மாடல் அது. 2017-இல் கார்புரேட்டருக்குப் பதிலாக எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வந்தது. 2018-இல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) வந்தது. 2020 முதல் பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி), அதில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய, ஏபிஎஸ் உள்ள பிஎஸ் 4 வண்டிதான் காசுக்குச் சரியான சரக்கு.

பார்க்கப் போகும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

அடுத்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை உட்கார வைத்தால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். இரண்டு விரலால் ஹேண்டில் பாரை மெதுவாக இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். நடுவில் வரும்போது 'டக்' என்று ஒரு குழியில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் போய்விட்டது. இந்த வண்டியின் பழைய வியாதி இது. பள்ளத்தில் விழுந்து விழுந்து பேரிங் குண்டுகள் அவை உருளும் வளையத்தில் தடம் பதித்துவிடும், அதனால் நேர்ரோட்டிலேயே வண்டி லேசாக அலையும். டேப்பர் பேரிங் போட்டால் தீரும், அதன் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அப்படியே ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிற்கும் ஸ்டாப்பரைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முன் ஃபோர்க் (முன் சக்கரத்தின் ஷாக் கம்பிகள்) மேல் உள்ள ரப்பர் உறையை ஏற்றிவிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஈசிஆர், பெசன்ட் நகர்ப் பக்கம் நின்ற வண்டியென்றால் உப்புக்காற்றும் ஈரமும் உள்ளேயே தங்கி, கம்பியில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறியிருக்கும். அதன்மேல் புது ஆயில் சீல் போட்டாலும் சீக்கிரமே கிழியும். ஸ்போக் கம்பிகளை ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டிங்' என்று கேட்டால் டைட், 'டொக்' என்றால் லூஸ். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லில் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செட்டையே மாற்ற வேண்டும். டயரில் கட்டை (தேய்மானம்) பார்த்தால் போதாது, தேதியையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம்.

390 அட்வென்ச்சர் வேறு ரகம். 43 குதிரைத்திறன், வாரம் தவறாமல் ஹைவே போகிறவருக்கு ஹிமாலயன் சலிக்கும், இது சலிக்காது. ஆனால் சீட் 855 மி.மீ., அண்ணா சாலை டிராஃபிக்கில் ஃபேன் ஓடிக்கொண்டே தொடையைச் சுடும். முன் அலாய் வீலைச் சுற்றவிட்டு நெளிவு இருக்கிறதா பாருங்கள், கூலன்ட்டையும் பாருங்கள். ஜிஎஸ் ஓசூரில் தயாரானது, ஓட்ட இதமானது. டேங்க் 11 லிட்டர்தான், ஸ்பேர் விலையும் பிஎம்டபிள்யூ விலை.

எந்த வண்டியானாலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் அது எங்கே நின்றது என்று கேளுங்கள், பதிலை நம்பாதீர்கள். மூழ்கிய வண்டியென்றால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் மூலையில் வண்டல் இருக்கும். சீட்டுக்கு அடியில் கனெக்டரைக் கழற்றினால் பச்சைப் பூத்திருக்கும். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேட்டு வாங்குங்கள். விடாமல் ரினியூவல் செய்துவந்த ஓனரின் என்சிபி (கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி) திடீரென்று பூஜ்யம் ஆகியிருந்தால் அதற்கு முந்தைய வருஷம் கிளெய்ம் போயிருக்கிறது.

கர்நாடக நம்பர் வண்டி மலிவாகத் தெரியும். என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே மறுபதிவு செய்ய ஆயுள் வரியைத் தமிழ்நாட்டிலும் கட்ட வேண்டும், அதைச் சேர்த்தால் மலிவு காணாமல் போகும். லோன் வண்டி என்றால் பேங்க் என்ஓசியும் ஆர்சியில் உள்ள ஹெச்பி என்ற கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-உம் வேண்டும். பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடையில், "ஹெச்பி கேன்சல் நாங்க பாத்துக்கிறோம் சார்" என்பார்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஹெச்பி நீங்கிய பிறகு வருகிறேன் என்று சொல்லி, அதுவரை அட்வான்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.