இசைப் பட்டம்: படிப்பும் அதன் பிறகான பள்ளிக்கூட ஆண்டுகளும்

உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும், அவர்களைவிட அவசரமாக அவர்களின் தாய்மாரும், என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இசையில் பட்டம் செய்தால் ஆசிரியர் வேலை கிடைக்குமா ரீச்சர்?" கிடைக்கும், எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். வேலை கிடைத்த பிறகு அந்தப் பட்டம் வகுப்பில் எவ்வளவு கைகொடுக்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான்கு வருடம் படித்து, நீண்ட காலம் காத்திருந்து, இப்போது வடக்கில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறவள் என்ற முறையில் அந்தக் கேட்கப்படாத கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இலங்கையின் தமிழ்ப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம் ஒரு பரீட்சைப் பாடம். தரம் 6 முதல் 9 வரை சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் ஆகிய அழகியல் பாடங்களில் ஒன்றை எல்லாப் பிள்ளைகளும் எடுத்தாக வேண்டும். தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரத்திலும், அதற்கடுத்த உயர்தரத்திலும் விரும்பியவர்கள் தொடரலாம். எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் உண்டு. ஆகவே இங்கே சங்கீத ஆசிரியர் என்பவர் ஆண்டுவிழாவுக்கு மட்டும் அழைக்கப்படும் ஆள் அல்ல. நேர அட்டவணையில் கணித ஆசிரியருக்குப் பக்கத்தில் பெயர் இருக்கும் ஆள்.

வடக்கு, கிழக்கில் தமிழில் இசைப் பட்டம் படிக்க இரண்டு வாசல்கள். ஒன்று மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம். கர்நாடக சங்கீதப் பாடகர் மகாராஜபுரம் சந்தானம் ஒரு காலத்தில் அதிபராக இருந்த இடம். மற்றது மட்டக்களப்பு கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். நான் எங்கே படித்தேன் என்பது இங்கே தேவையில்லை. கீழே நான் சொல்லும் குறை ஓர் இடத்துக்கு உரியதல்ல. இசைப் பட்டம் என்ற ஏற்பாட்டுக்கே உரியது.

உள்ளே போக உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு கணிக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அங்கே பாட வேண்டும், ராகத்தை இனங்காண வேண்டும், தாளம் போட வேண்டும். என்னோடு தெரிவானவர்களில் பலர் சிறு வயதிலிருந்தே வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதி வந்தவர்கள். சிலர் ஆசிரியர் தரத்தையும் முடித்து, கலாவித்தகர் என்ற பட்டத்தோடு வந்திருந்தார்கள். பாடசாலைச் சங்கீதத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் முதல் வருடத்தில் திணறினார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வர்ணங்களை இரண்டு காலத்திலும் தடுமாறாமல் பாடும் நிலையில் போனால் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து தம்புரா. மின்சாரச் சுருதிப்பெட்டியோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். பொத்தானை அமர்த்தினால் சுருதி வரும். அது சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று காது யோசிக்க வேண்டியதில்லை. தம்புராவில் அந்தச் சலுகை இல்லை. பஞ்சமம், சாரணி இரண்டு, மந்தர சட்ஜம் என்று நாலு தந்திகளையும் பிருடையைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். பிறகு மணிக்காய்களை நகர்த்தி நுணுக்கம் பார்க்க வேண்டும். கடைசியில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூல்துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி ஜீவா பிடிக்க வேண்டும். நூல் சரியான இடத்துக்கு வந்ததும் தந்தி ரீங்காரமிடத் தொடங்கும். ஒரு மயிரிழை தாண்டினால் ஒலி மொட்டையாகிவிடும். காலை வகுப்பு தொடங்குமுன் இந்த வேலையை முறை வைத்துச் செய்வோம். அன்றைக்கு அலுப்பாகத்தான் இருந்தது. இன்று நாற்பது பிள்ளைகள் ஒன்றாகப் பாடும்போது மூன்றாம் வரிசையில் ஒருவன் சற்று இறக்கிப் பாடுகிறான் என்று பிடிப்பது அங்கே பழகிய காதுதான்.

அடுத்தது மனோதர்மம், அதாவது அந்த இடத்திலேயே கற்பனை செய்து பாடுவது. கல்யாணியை எடுத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, கற்பனைச் சுரம் பாட வேண்டும்; தடுக்கினாலும் தாளம் நிற்காது. கச்சேரி செய்யப் போகாதவர்களுக்கு இது எதற்கு என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். பிள்ளைக்கு எட்டாத ஒரு சங்கதியை அந்த இடத்திலேயே உடைத்து, எளிதாக்கி, ராகம் கெடாமல் பாடிக் காட்டுவது சங்கீத ஆசிரியரின் அன்றாட வேலை. மனப்பாடமாகக் கீர்த்தனை தெரிந்தவருக்கு அது வராது. 72 மேளகர்த்தா, 35 தாளம், பண்ணாராய்ச்சி, இசை வரலாறு எல்லாம் பரீட்சைக்கு உதவின. இப்போது தரம் 10, 11 வினாத்தாளுக்கு உதவுகின்றன. அவ்வளவுதான்.

இனிக் குறை. நான்கு வருடமும் நாங்கள் படித்த குரல் வளர்ந்தவர்களின் குரல். பெண்கள் பாடும் சுருதி ஐந்து, ஐந்தரைக் கட்டை. ஆண்கள் ஒன்று, ஒன்றரை. தரம் 8, 9 பையன்கள் இந்த இரண்டு கணக்கிலும் அடங்குவதில்லை. ஆறாந் தரத்தில் கணீரென்று பாடிய பையன் எட்டாந் தரத்தின் இடையில் திடீரென்று வாயைத் திறப்பதை நிறுத்திவிடுவான். திறந்தால் மேலேயுள்ள தார சட்ஜத்துக்குப் போகும் வழியில் குரல் பிளக்கும், வகுப்பு சிரிக்கும். அதன் பிறகு கடைசி வாங்கில் இருந்து உதட்டை மட்டும் அசைப்பான். இதற்கு "ஆர்வமில்லை" என்று பெயர் வைத்து, சாதாரண தரத்துக்கு வேறு பாடம் எடுக்கச் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நடப்பது என்னவென்றால் குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. இறங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில் சிரமமில்லாமல் பாடக்கூடிய எல்லை நாலைந்து சுரங்களுக்குச் சுருங்கிவிடுகிறது.

இதை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஓர் ஆசிரிய ஆலோசகர். வகுப்பைப் பார்வையிட வந்தவர், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பிள்ளை, உம்முடைய சுருதியில் அவங்கள் பாட வேணுமென்று என்ன கட்டாயம்?" என்று கேட்டார். அதிலிருந்து நான் ஐந்து கட்டையை விட்டு நாலுக்கு இறங்கி, சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலேயே நடக்கும் பாட்டுகளைத் தேடி எடுக்கிறேன். உடைந்த குரல்கள் கீழ் ஸ்தாயியிலும் உடையாதவை மேல் ஸ்தாயியிலும் ஒரே பாட்டைப் பாடுகின்றன. பொருத்தமான பாட்டு கிடைக்காவிட்டால் நானே மெட்டுப் போடுகிறேன். அதுவும் முடியாத பிள்ளைக்குச் சொற்கட்டு. தகதிமி சொல்லச் சுருதி தேவையில்லை. முந்தைய வருடப் பதிவேட்டில் பாடலுக்கு மிகக் குறைந்த புள்ளி வாங்கியிருந்த ஒரு பையன், ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டே திஸ்ர நடையில் தகிட சொல்லி, ஆவர்த்தனம் பிசகாமல் தாளத்தின் முதல் அடியான சமத்துக்கு வந்து சேர்ந்தான்.

இவற்றில் ஒன்றும் பட்டப்படிப்பில் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த பின் செய்த பட்டப்பின் கல்வி டிப்ளோமாவிலும் வரவில்லை; அங்கே கல்வி உளவியலும் மதிப்பீடும் பாடத் திட்டமிடலும் எந்தப் பாடத்துக்கும் பொதுவாகவே கற்பிக்கப்பட்டன. இசையைப் படிப்பித்த இடத்தில் பிள்ளையைப் பற்றிய பேச்சில்லை, பிள்ளையைப் பற்றிப் பேசிய இடத்தில் இசையில்லை. இரண்டுக்கும் இடையில் கிடக்கும் வெளியில்தான் பள்ளிக்கூடச் சங்கீதம் இருக்கிறது.

மாயாமாளவகௌளை ராகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்குச் சிலர் சண்டைக்கு வருவார்கள். புரந்தரதாசர் காலத்திலிருந்து, தொடக்கப் பயிற்சியான சரளி வரிசைக்கு அதுதான் ராகம் என்பது மரபு; பட்டப்படிப்பில் இதைக் கேள்வி கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்த ராகத்தின் சுத்த ரிஷபம் சட்ஜத்தை ஒட்டியே நிற்பது. புதிதாகப் பாட வரும் ஆறாந் தரத்துப் பிள்ளை ஒன்றில் சட்ஜத்திலேயே நின்றுவிடும், அல்லது அடுத்து மேலே இருக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்குத் தாவிவிடும். ஒரு குருவும் ஒரு சீடனும் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். எனக்கு இருப்பது 40 நிமிடப் பாடவேளை; வருகைப் பதிவும் பாய் விரிப்பதும் அதற்குள்தான். அதனால் முதல் சில வாரங்கள் மோகனத்தில் சின்னச் சின்னப் பாட்டு. ஐந்து சுரமும் ஒன்றையொன்று நெருக்காமல் விலகி நிற்பதால் பிழை விடுவது கடினம். குரல் சுருதியில் நிற்கப் பழகிய பிறகு சரளி வரிசை. பாடத்திட்டம் எப்படியும் முடிகிறது.

கரையோரப் பாடசாலை ஒன்றில் படிப்பித்த காலத்தில் எடுப்புகளை, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடங்களை, விளக்க வேண்டி வந்தது. சமம், அதீதம், அனாகதம் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினேன். பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். ஒருவன் வெட்கத்தோடு முன்பாட்டை எடுக்க, மற்றவர்கள் கயிற்றை இழுக்கிற பாவனையில் உடலைப் பின்னுக்குச் சாய்த்துப் பின்பாட்டுக் கொடுத்தார்கள். நான் தாளம் போட்டுப் பார்த்தேன். அவர்களின் எடுப்பு சமத்துக்குப் பின்னால், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தது. அனாகதம் அதுதான் என்று சொன்னபோது விளங்காதவர் ஒருவரும் இல்லை. நாட்டார் இசை எங்கள் பட்டப்படிப்பிலும் ஒரு பாடம். அதற்கு நாங்கள் செய்தது வகைகளின் பெயர்களைப் பாடமாக்கிக் கட்டுரை எழுதியது.

காத்திருப்பைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரம் பந்தல் போட்டு மாதக்கணக்கில் போராடியதை இங்கே எல்லோரும் பார்த்தார்கள். பட்டம் கையில் இருக்கும், நியமனம் வராது. வந்தாலும் அபிவிருத்தி உத்தியோகத்தராக ஏதாவது ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்க வேண்டி வரலாம். அந்த இடைவெளியில் வீட்டில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்துச் சமாளிப்பவர்களே அதிகம். குடும்பத்துக்கு உடனே ஒரு சம்பளம் தேவை என்றால் தேசிய கல்வியியற் கல்லூரிதான் சரியான வழி. மூன்று வருடம், அதில் கடைசி வருடம் பாடசாலையிலேயே கட்டுறுப் பயிற்சி, முடித்தவர்களுக்கு ஆசிரிய நியமனம். அந்த வழியால் வந்த சக ஆசிரியை ஒருவர் எங்கள் பாடசாலையில் இருக்கிறார். ஒரு பெரிய வகுப்பை உட்காரவைத்து ஐந்து நிமிடத்தில் பாடவைக்கும் அவருடைய லாவகம் எனக்கு வர நெடுநாள் பிடித்தது. உயர்தர மாணவிக்குத் தோடியின் காந்தாரத்தை அசைத்துக் காட்ட வேண்டிய இடத்தில் அவர் என்னைக் கூப்பிடுகிறார். எங்கள் இருவரையும் ஒரே ஆளாகச் செய்து அனுப்பும் படிப்பு இன்னும் வரவில்லை.

தொற்றுக் காலத்தில் பாடசாலைகள் மூடியபோது ஸூமில் படிப்பித்தோம். அது தம்புரா ஒலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டியெறிந்தது. அமைப்புகளுக்குள் போய் அசல் ஒலியைத் திறந்துவிட்ட பிறகே சுருதி கேட்டது. சேர்ந்து பாடுவது நடக்கவே இல்லை. இணைப்பு தாமதிக்கிறபோது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சமம். ஆகவே வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு ஒலிப்பதிவு அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் தனித்தனியாக, பக்கத்து வகுப்பு பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் இல்லாமல் கேட்டது அப்போதுதான். இன்றைக்கும் தவணைக்கு ஓரிரு முறை அப்படி வாங்கிக்கொள்கிறேன். நாற்பது குரல்களுக்குள் ஒளிந்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க இதைவிட வழி இல்லை.

பாடத்துக்கு வெளியே உள்ள வேலைகளையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வருடத்தின் பாதி அதற்குள் போகிறது. காலைப் பிரார்த்தனை, பாடசாலைக் கீதம், விருந்தினர் வரவேற்புப் பாட்டு, வாணிவிழா, பரிசளிப்பு விழா, இவற்றோடு தமிழ்மொழித் தினப் போட்டிகள். போட்டிக்கு நாலைந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தீட்டும்போது மிச்ச வகுப்பு கிடப்பில் கிடக்கும். மாகாண மட்டத்தில் முதலிடம் வந்தால் அதிபர் முதல் பெற்றோர் வரை கொண்டாடுவார்கள். ஒன்பதாந் தரத்தில் முப்பது பேர் சுருதியோடு பாடுகிறார்கள் என்பதை யாரும் வந்து பார்ப்பதில்லை. எனக்கு இரண்டாவதுதான் வேலை என்று படுகிறது, ஆனால் முதலாவதைச் செய்யாமல் தப்ப முடியாது.

அப்படியானால் இந்தப் பட்டத்தைச் செய்யலாமா? பாடாமல் இருக்க முடியாத பிள்ளை என்றால் தயங்காமல் செய்யலாம். கல்வி இலவசம், நல்ல ஆசிரியர்களின் முன் நான்கு வருடம் தினமும் உட்கார்ந்து பாடும் வாய்ப்பு அதன் பிறகு வாழ்க்கையில் ஒருபோதும் வராது. வேலைக்காக மட்டும் என்றால் வேண்டாம். சேருகிறவர்கள் மூன்றாம் வருட விடுமுறையிலாவது பக்கத்துப் பாடசாலை அதிபரிடம் கேட்டு ஆறாந் தரத்தில் சில பாடவேளைகள் எடுத்துப் பாருங்கள். நேர அட்டவணை வெறுமையாக இருக்கும் இடங்களில் மறுக்க மாட்டார்கள். ஹார்மோனியமும் பழகிக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் அதற்குப் பட்டப்படிப்பில் புள்ளி இருக்கவில்லை, கமகம் வராது என்று விரிவுரையாளர்கள் முகம் சுளிப்பார்கள். சேர்ந்த முதல் நாள் காலைப் பிரார்த்தனையில் அதிபர் உங்கள் முன்னால் கொண்டுவந்து வைப்பது அதைத்தான்.