ஸ்கிரீன்பேடும் லினக்ஸும்: இரண்டாம் திரைக்கு எந்த வழி நல்லது?

ஆசஸ் ஜென்புக் டுவோ மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் நிறுவுகிறவர்கள் முதல் நாளே ஒன்றைக் கவனிக்கிறார்கள். விசைப்பலகைக்கு மேலே இருக்கும் இரண்டாம் திரை, அதாவது ஸ்கிரீன்பேட், தானாகவே எரிகிறது, டெஸ்க்டாப்பும் அதில் விரிகிறது. ஆனால் அதன் வெளிச்சத்தைக் குறைக்க முடிவதில்லை, அணைக்கவும் வழி தெரிவதில்லை. கீழ்த் திரையில் விரலை வைத்தால் மேல் திரையில் எங்கோ ஒரு பொத்தான் அழுந்துகிறது. இந்தத் திரைக்கென்று நிறுவனம் தரும் ஸ்கிரீன்எக்ஸ்பர்ட் மென்பொருள் விண்டோஸுக்கானது. லினக்ஸ் பயனர் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வழிகள் பல உண்டு, அவை சமமானவை அல்ல. வெளிச்சத்துக்கு நான்கு வழிகளையும் தொடுதலுக்கு இரண்டையும் இங்கே எடைபோடுகிறேன். என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன்: லினக்ஸின் மையக்கருவான கெர்னல் செய்யக்கூடிய வேலையை ஸ்கிரிப்டுகளிடம் ஒப்படைக்கக் கூடாது.

முதலில் எது கெட்டிருக்கிறது?

நமக்கு ஒரே திரையாகத் தெரிவது, கணினிக்கு மூன்று தனிப் பாகங்கள். படம் கிராபிக்ஸ் சிப்பிலிருந்து வருகிறது; அந்த அளவில் இது இன்னொரு மானிட்டர்தான். பின்னொளியை, வன்பொருளோடு சேர்ந்தே வரும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஆள்கிறது. அதோடு டபிள்யூஎம்ஐ என்ற வாசல் வழியாகத்தான் பேச முடியும். தொடுதலை வேறொரு சிப் பார்த்துக்கொள்கிறது. ஆகவே 'திரை வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

காட்சி அமைப்புகளைத் திறந்து பாருங்கள். இரண்டு திரைகள் தெரிந்து, கீழ்த் திரை மட்டும் கருப்பாக இருந்தால், அறையை இருட்டாக்கி ஒரு டார்ச் விளக்கைச் சாய்வாக அடியுங்கள். எல்சிடி திரையில் மங்கலாகப் படம் தெரிந்தால் பழுது பின்னொளியில்.

அமைப்புகளில் ஒரே ஒரு திரைதான் தெரிகிறது என்றால், கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிப்பதுதான் பலரும் செய்வது. இந்தத் திரையைப் பொறுத்தவரை அது அவசரம். ஃபர்ம்வேர் இதை அணைக்கும்போது, கேபிளைப் பிடுங்கியதுபோல அமைப்பிலிருந்தே திரை மறைந்துவிடுகிறது. அதில் இருந்த சன்னல்கள் மேல் திரைக்குத் தாவிவிடும். அணைக்கும் கட்டளையால் அணைக்க மட்டுமே முடியும். வெளிச்சத்தை மாற்றும் கட்டளைதான் திரையை மீண்டும் எழுப்பும். இது தெரியாமல் டிரைவரை நீக்கி நிறுவி, கடைசியில் இயங்குதளத்தையே மாற்றிப் பார்ப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. காணாமல்போன திரைக்கு எழுப்பும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மற்றதை யோசியுங்கள்.

கெர்னலுக்குள் வந்த டிரைவர்

2024 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.7 முதல், ஸ்கிரீன்பேடுக்கான ஆதரவு கெர்னலின் சொந்த ஆசஸ் டிரைவரிலேயே இருக்கிறது. பின்னொளிச் சாதனங்களின் கோப்புறையில் 'ஆசஸ் ஸ்கிரீன்பேட்' என்ற பெயரில் ஒன்று தோன்றும். அதற்குள் வெளிச்சத்துக்கு ஒரு கோப்பு, அணைத்து எழுப்ப ஒரு கோப்பு. உபுண்டு 24.04இன் கெர்னல் 6.8, டெபியன் 13இன் கெர்னல் 6.12. இரண்டிலும் எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

இந்த வழியின் பலம், ஃபர்ம்வேரின் விசித்திரங்களை டிரைவரே அறிந்திருப்பது. அணைந்த நிலையில் வெளிச்ச எண்ணை மட்டும் மாற்றிவைக்க ஃபர்ம்வேரில் வழியில்லை; அந்தக் கட்டளை திரையையே எழுப்பிவிடும். டிரைவர் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, திரை எழும்போது கொடுக்கிறது. படிக்க முடியாத அளவுக்குத் திரை இருண்டுவிடாதபடி ஓர் அடிமட்டத்தையும் வைத்திருக்கிறது. பின்னொளி என்ற முறையான வகையில் பதிவாவதால், கணினியை அணைத்துத் திறந்தாலும் பழைய வெளிச்சத்தை, லினக்ஸின் தொடக்கத்தையும் சேவைகளையும் நடத்தும் சிஸ்டம்டி மீட்டுத் தருகிறது. இதற்கெல்லாம் நாம் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

குறை ஒன்று உண்டு, அது எரிச்சலூட்டுவது. ஒரு கணினிக்கு ஒரு பின்னொளி என்ற எண்ணத்தில்தான் டெஸ்க்டாப்கள் நெடுங்காலம் எழுதப்பட்டன. ஒரே திரைக்குப் பல கட்டுப்பாடுகள் இருந்தால் ஃபர்ம்வேர் வகைக்கு முதலிடம், பிளாட்ஃபார்ம் வகைக்கு அடுத்த இடம், நேரடி வகைக்குக் கடைசி இடம் என்பது கெர்னல் ஆவணம் சொல்லும் வரிசை. இன்டெல் கிராபிக்ஸின் பின்னொளி கடைசி வகை. ஸ்கிரீன்பேட் இரண்டாவது வகை. இரண்டு வெவ்வேறு திரைகளுக்கு இந்த வரிசையை ஒரு டெஸ்க்டாப் பயன்படுத்தினால், மேல் திரைக்கான வெளிச்ச விசையை அழுத்தும்போது கீழ்த் திரை மங்கும். கெர்னலைப் புதுப்பித்த பிறகு வெளிச்ச விசை கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுவே. 'பிரைட்னஸ்கன்ட்ரோல்' என்ற சிறிய கருவியில் சாதனத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கட்டளை கொடுக்கலாம். இரு திரைகளுக்கும் தனித்தனி குறுக்குவிசைகளை அமைத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்தது.

பழைய கெர்னலில் இருப்பவர்களுக்கு

டெபியன் 12 போல 6.1 கெர்னலில் நிற்பவர்களுக்கு டிகேஎம்எஸ் மாட்யூல் ஒன்று, அதாவது கெர்னலோடு தனியாகச் சேர்க்கும் ஒரு துண்டு, இருக்கிறது. கெர்னல் டிரைவர் வருவதற்கு முன்பே தன்னார்வலர்கள் எழுதியது. இந்தத் திரையை லினக்ஸில் முதலில் அடக்கிக் காட்டியவர்களில் அவர்களும் உண்டு. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கு அது இரண்டாம் தேர்வு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அது கெர்னலின் ஆசஸ் டிரைவரையே திருத்தி, அதன் இடத்தில் உட்காருகிறது. கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கட்டப்பட வேண்டும். கட்டுதல் தோற்றால் பழைய டிரைவரே வந்து நிற்கும், ஸ்கிரீன்பேட் கோப்பு மட்டும் காணாமல்போயிருக்கும். கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், மாட்யூலுக்குச் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு அந்தச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். இது பின்னொளி வகையில் பதிவாகாமல் எல்இடி விளக்கு வகையில் பதிவாகிறது. அதனால் வெளிச்ச விசைக் குழப்பம் வராது. சிஸ்டம்டியோ எல்இடி வகையில் விசைப்பலகை விளக்கை மட்டுமே நினைவில் வைக்கும். ஸ்கிரீன்பேடின் வெளிச்சத்தை ஒவ்வொரு முறையும் நாம்தான் மீட்க வேண்டும். கெர்னலை 6.7க்கு மேல் உயர்த்த வழியிருந்தால் உயர்த்துவதே மேல். டெபியன் 12இல் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் கிடங்கு அதற்காகவே இருக்கிறது.

மூன்றாம் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 'ஏசிபிஐ கால்' என்ற மாட்யூலை ஏற்றி, ஃபர்ம்வேரின் செயல்முறையை நேரடியாகப் பெயர் சொல்லி அழைப்பது அது. பதினறும எண்ணில் 50031 அணைப்பதற்கு, 50032 வெளிச்சத்துக்கு. வேலை செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் விசைப்பலகை விளக்கு, மின்விசிறி, பேட்டரி சார்ஜ் வரம்பு ஆகியவற்றை மாற்றவும் இதே செயல்முறைதான்; எண் மட்டுமே வேறு. ஓர் இலக்கம் தவறினால் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியாது. டிரைவர் போடும் பாதுகாப்பு வரம்புகள் எதுவும் இங்கே இல்லை. ஒரு மாடலில் திரை ஃபர்ம்வேருக்குக் கட்டுப்படுகிறதா என்று ஒரு முறை சோதிக்க இது உதவும். தினப்படி பழக்கத்துக்கு வேண்டாம்.

நான்காவதாக, திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்ட்ஆர் கட்டளையின் வெளிச்ச எண்ணைக் குறைப்பது. இதில் மங்குவது படம்தான். எல்சிடியில் பின்னொளி முழு வீச்சில் எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரம் மிச்சமாகாது, கருப்பும் சாம்பலாகத் தெரியும். வெளி மானிட்டர்களுக்குப் பயன்படும் டிடிசி முறையும் உதவாது, மடிக்கணினியின் உள் திரைகள் பொதுவாக அதற்குப் பதில் சொல்வதில்லை.

தொடுதல்: எக்ஸ்11, வேலண்ட்

லினக்ஸில் சன்னல்களைத் திரையில் காட்டும் அமைப்புகள் இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட். எக்ஸ்11 எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே பெரிய பரப்பாகப் பார்க்கிறது. தொடுதிரை ஒவ்வொன்றும் அந்த முழுப் பரப்புக்கும் நீட்டப்படுவதால்தான் விரல் ஓரிடத்தில், அழுத்தம் வேறிடத்தில். எக்ஸ்இன்புட் கட்டளையால் தொடுதிரையை அதற்குரிய திரையோடு கட்டிவைக்கலாம். பல டுவோ மாடல்களில் எலான் 9008, எலான் 9009 என்று எண்ணில் மட்டும் வேறுபடும் இரு பெயர்கள் பட்டியலில் இருக்கும். எது மேல், எது கீழ் என்று தொட்டுப் பார்த்தே அறிய வேண்டும். பேனாவுக்குத் தனி வரி உண்டு, அதையும் கட்டாவிட்டால் விரல் சரியாகி எழுத்து மட்டும் வேறிடத்தில் விழும். இந்தப் பிணைப்பு மறுதொடக்கத்தோடு போய்விடும். எனவே தொடக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று வேண்டும். திரையை அணைத்து எழுப்பினால் அந்த ஸ்கிரிப்ட் மறுபடி ஓட வேண்டும்.

வேலண்டில் இந்தப் பொறுப்பு டெஸ்க்டாப்பினுடையது. கேடிஇ பிளாஸ்மா 6இல் தொடுதிரைக்கான அமைப்புப் பக்கத்திலேயே எந்தத் திரை என்று தேர்ந்தெடுத்துவிடலாம். ஸ்வேயில் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். ஜினோமில் ஜிசெட்டிங்ஸ் கட்டளை வழியாகத் திரையின் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் ஆகிய மூன்றையும் கொடுக்க வேண்டும். சற்றுச் சிரமம், ஆனால் ஒரு முறைதான். இந்த மடிக்கணினிக்கு நான் பிளாஸ்மாவையே சொல்வேன். திரைக்குத் திரை தனி அளவீடு வைத்துக்கொள்ளும் வசதியும் அதோடு சேர்ந்தே வருகிறது.

எந்த டெஸ்க்டாப்பை எடுத்தாலும் ஒரு தடை மிஞ்சும். 2019இன் ஜென்புக் டுவோ யுஎக்ஸ்481இல் கீழ்த் திரையின் உயரம் 515 புள்ளிகள். பல செயலிகளின் சன்னல் அதைவிடக் குறுகாது. அடியில் இருக்கும் 'சரி' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். முனையம், அரட்டை, இசை இயக்கி ஆகியவற்றுக்கு அந்தத் திரை அருமையான இடம். அதே ஆண்டின் புரோ டுவோ யுஎக்ஸ்581இல் 3840க்கு 1100 என்பதால் இடுக்கண் குறைவு.

2024இன் ஜென்புக் டுவோ யுஎக்ஸ்8406 வாங்கியவர்கள் மேலே சொன்ன வெளிச்ச வழிகளைத் தேட வேண்டாம். அதில் இருப்பவை இரண்டு முழு 14 அங்குல ஓலெட் திரைகள். கீழ்த் திரையின் வெளிச்சமும் இன்டெல் கிராபிக்ஸ் வழியாகவே வருகிறது. அங்கே தலைவலி வேறு: கழற்றக்கூடிய விசைப்பலகையைக் கீழ்த் திரைமேல் வைத்தாலும், அதனடியில் திரை எரிந்துகொண்டே இருப்பது. விசைப்பலகை பொருந்தும்போது அது யுஎஸ்பி சாதனமாகத் தோன்றுகிறது. அந்த நிகழ்வைப் பிடித்துக் கீழ்த் திரையை அணைக்கும் யுடெவ் விதி ஒன்றை எழுதிக்கொள்ளலாம். ஸ்கிரிப்ட் வேண்டாம் என்று வாதிட்ட நான், இந்த மாடலுக்கு மட்டும் ஸ்கிரிப்டைத்தான் சொல்வேன்.