எஜுகேஷனல் புக் ஷாப், கிழக்கு ஜெருசலேம்

சலாஹுத்தீன் தெருவில் 1984 முதல் இருக்கும் கடை. இஸ்ரேல்-பாலஸ்தீனத்தில் வளரும் பிள்ளைகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றேன். கடைக்காரர் உடனே நாலைந்து புத்தகங்களை எடுத்து மேசையில் பரப்பினார். அவற்றில் சோதனைச் சாவடி தாண்டிப் பள்ளிக்குப் போகும், மேற்குக் கரை நகரான ஹெப்ரோனின் பாலஸ்தீனச் சிறுமியும் இருக்கிறாள், சைரன் கேட்டால் 15 வினாடிக்குள் பதுங்கறைக்கு ஓட வேண்டிய, காசா எல்லையை ஒட்டிய இஸ்ரேலிய ஊரான ஸ்தெரோத்தின் சிறுவனும் இருக்கிறான். இரண்டு தரப்பையும் இப்படிச் சேர்த்து வைத்திருப்பதற்காகவே இந்தக் கடையை எனக்குப் பிடிக்கும்.

2025 பிப்ரவரியில் இஸ்ரேல் போலீஸ் சோதனை போட்டு, வன்முறையைத் தூண்டும் புத்தகங்களை விற்றதாகச் சொல்லி கடைக்காரர்கள் இருவரைக் கைது செய்தது. ஆதாரமாகக் காட்டியதில் ஒன்று, குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம்! இன்னும் கோபம் ஆறவில்லை. கடை திரும்பத் திறந்துவிட்டது. காபியும் உண்டு, அவசரமில்லாமல் போங்கள்.